ஆடி மாதத்து வெப்சைட்

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்தாகிவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு யாரும் புதுவீடு குடிபோக மாட்டார்கள், கல்லும் போகாது. ஆவணி முகூர்த்தங்களை நம்பி வார்த்த பூக்கல் தண்ணீர்த் தொட்டியிலும் நிழலிலுமாகக் கிடக்கிறது. எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் பாதி ஆள்தான்.

கை ஓய்ந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வெப்சைட் பேச்சை எடுத்தார். காலையில் கல் பார்க்க வந்த கோயம்புத்தூர்க்காரர்கள், "கூகுள்ல தேடிப் பார்த்தோம், உங்க பேரே வரலைங்க. கொத்தனார் சொல்லித்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். "ஏத்தா, வருசா வருசம் அதுக்குப் பணம் கட்டுறோமே, அது எங்கதான் இருக்கு?" என்றார். நான் கணக்கு எழுதுகிறவள். ஆனால் இந்தப் பட்டறையில் திரை உள்ள பொருள் எல்லாமே என் தலையில்தான்.

எங்கே இருக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நம் தளத்தின் முகவரியைப் போட வேண்டும். அந்தத் தளத்திலிருந்து கூகுள் எடுத்து வைத்திருக்கும் பக்கங்கள் வரும். பத்தாவது பக்கத்தில் எங்காவது கிடப்போம் என்று நினைத்திருந்தேன். பட்டியலிலேயே நாங்கள் இல்லை.

ஜூலை 19, சனி

காரணம் அகப்பட்டது. தளம் வேர்ட்பிரஸில் செய்தது. அதன் செட்டிங்ஸில் ரீடிங் என்றொரு பக்கம் இருக்கிறது. அடியில் ஒரு சின்னக் கட்டம். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிற கட்டம். அதில் டிக் போட்டிருந்தது. தளம் கட்டும்போது அரைகுறைப் பக்கம் வெளியே தெரியாமல் இருக்க இப்படிப் போடுவது வழக்கம், நல்ல வழக்கமும்கூட. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். செய்து கொடுத்தவர் எடுக்கவில்லை. இத்தனை காலமும் கூகுள் வாசல்வரை வந்து, 'சேர்க்காதே' என்ற வரியைப் படித்து, மரியாதையாகத் திரும்பிப் போயிருக்கிறது.

டிக்கை எடுத்துவிட்டேன். சர்ச் கன்சோல் என்று கூகுளே இலவசமாகத் தருகிற ஒரு கருவி இருக்கிறது. அதில் தளத்தைப் பதிவு செய்தால் எந்தப் பக்கம் பட்டியலில் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை, எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது எல்லாம் தெரியும். ஆனால் தளம் நம்முடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்காக டொமைன் கணக்கைத் திறக்கப் போனால், முகவரி செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. பெயர்ப்பலகை நம்முடையது, பட்டா அவர் பெயரில். நல்லவேளையாக மனிதர் போனை எடுத்தார். மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தளம் வைத்திருக்கிற கடைக்காரர்கள் வேறெதைப் பார்க்காவிட்டாலும் இதை இன்றைக்கே பார்த்துக்கொள்வது நல்லது.

ஜூலை 25, வெள்ளி

டொமைன் எங்கள் பெயருக்கு வந்தாயிற்று. சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பைக் கொடுத்தேன். சைட்மேப் என்பது தளத்தின் எல்லாப் பக்கங்களின் முகவரியும் உள்ள ஒரு கோப்பு. வேர்ட்பிரஸ் அதைத் தானே செய்துவிடுகிறது. முகப்புப் பக்கத்துக்கு மட்டும் உடனே வந்து பார்க்கும்படி தனியாக விண்ணப்பமும் போட்டேன். எப்போது வருவார்கள் என்பது அவர்கள் பாடு. சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

காத்திருக்கிற நேரத்தில் தளத்தைப் பெரியப்பாவின் பழைய போனில் திறந்து பார்த்தேன். படம் மேலிருந்து கீழே சுருள் சுருளாக இறங்கியது. கேமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 5, 6 எம்பி. பக்கத்தின் ஆகப் பெரிய படமோ பத்தியோ 2.5 வினாடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. எங்கள் பக்கம் வருவதற்குள் டீ ஆற்றிக் குடித்துவிடலாம். படங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் கொண்டுவந்தேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதைவிட மோசம் இன்னொன்று. கம்ப்யூட்டரில் பார்த்தால் பட்டறையைப் பற்றி இரண்டு பத்தி இருக்கிறது. போனில் அதைக் காணோம். சின்னத் திரையில் அழகு கெடும் என்று மறைத்து வைத்திருக்கிறார்கள். கூகுள் 2018இல் தொடங்கி, தளங்களின் போன் வடிவத்தைத்தான் படித்துப் பட்டியலிடுகிறது. 2023இல் அந்த மாற்றம் முடிந்ததாக அறிவித்தும்விட்டது. போனில் இல்லாதது அதன் கணக்கில் இல்லாததுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. மத்தியானம் சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

போனில் தெரிந்தாலும் அந்த இரண்டு பத்தியால் என்ன பயன் என்பது வேறு கேள்வி. 'பாரம்பரியத்தின் பெருமை, கலையின் உச்சம், தலைமுறைகளின் நம்பிக்கை' என்று போகிறது. பட்டுச்சேலைக் கடைக்கும் பொருந்தும், பல்லாங்குழி விற்பவருக்கும் பொருந்தும். மற்ற விவரமெல்லாம் ஒரு நோட்டீஸ் படத்துக்குள் இருக்கிறது: கல்லின் அளவுகள், பதிக்கும் முறை, போன் நம்பர் எல்லாம். மனிதர் படித்துக்கொள்வார். தேடுபொறி படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பிப் பக்கத்தை எடை போடுவதில்லை. அதை எழுத்தாக மாற்றலாம் என்று அச்சகத்திலிருந்து மூலக் கோப்பை வாங்கி நகலெடுத்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. பாமினி. அச்சகங்களில் இன்னும் புழங்குகிற எழுத்துரு. அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் குப்பை. அத்தனையையும் யூனிகோடில் திரும்ப அடித்தேன்.

அடிக்கும்போதே ஒன்று உறைத்தது. வாங்க வருகிறவர் கேட்கும் எதுவுமே இதில் இல்லை. பெரியப்பாவுக்கு வருகிற போன்களைப் பக்கத்திலிருந்து கேட்கிறவள் நான். "வழுக்குமா?" "மாடிக்குப் போடலாமா, பாரம் தாங்குமா?" "கறை பிடிச்சா எப்படி எடுக்கிறது?" "போட்டு எத்தனை நாள் கழிச்சு நடக்கலாம்?" "நாங்களே ஒரு டிசைன் கொடுத்தா செய்வீங்களா?" இதையேதான் கூகுளிலும் கேட்டிருப்பார்கள். போனில் அவர் சொல்கிற பதில் எதுவும் தளத்தில் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிட்டையின் கடைசிப் பக்கங்களில், வருகிற ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் வார்த்தையிலேயே எழுத ஆரம்பித்திருக்கிறேன். இன்று சாயங்காலம் பெரியப்பாவை உட்காரவைத்துப் பதில் வாங்கினேன்.

"கறை பிடிச்சா?"

"ஆசிட்டை மட்டும் ஊத்திராதேன்னு முதல்ல எழுது. சிமெண்டுக் கல்லு அது. ஆசிட்டு மேல் மெருகைத் தின்னுரும். அப்புறம் நம்மளைத்தான் வைவாங்க."

"மெருகு?"

"தண்ணியில ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தொடைக்கச் சொல்லு. நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். புதுசுல மங்கலாத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்."

அவர் சொன்னதை நான் அழகுபடுத்தவில்லை. ஒரு கேள்வி, ஒரு பக்கம். கல் எப்படிச் செய்கிறோம் என்றும் ஒரு பக்கம்: கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைப்பது, அறை அறையாகச் சாயக் கலவை ஊற்றுவது, அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த சிமெண்ட் மணல் தூவுவது, மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணுவது, தண்ணீரில் ஊறப்போடுவது. சூளை கிடையாது, கண்ணாடியில் படிந்த முகம்தான் கல்லின் வழவழப்பு. இதை எழுதும்போது பெரியப்பா குறுக்கே வந்து ஊர் மண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்; அதில் பாதியைச் சேர்த்தேன்.

பக்கங்களின் தலைப்பையும் மாற்றினேன். தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது இந்தத் தலைப்புதான். பெரும்பாலும் கூகுள் அப்படியே எடுத்துக்கொள்கிறது. எங்கள் முகப்பின் தலைப்பு 'முகப்பு' என்றே இருந்தது. உலகத்தில் எத்தனை முகப்போ! 'ஆத்தங்குடி பூக்கல் – கையால் செய்யும் தரைக்கல் பட்டறை, சிவகங்கை மாவட்டம்' என்று வைத்தேன். படங்களுக்கும் கேமரா போட்ட எண்களை நீக்கிவிட்டு, 'கண்ணாடித் தகட்டில் அச்சு வைத்துச் சிவப்புக் கலவை ஊற்றுதல்' என்பதுபோல ஒரு வரி விளக்கம். பார்வையற்றவர்களுக்குத் திரைபடிப்பான் வாசித்துக் காட்டுவதும் அதே வரியைத்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டெல்லியிலிருந்து ஒரு போன். "கூகுளில் முதல் இடம் கேரண்டி. ஆயிரம் பேக்லிங்க் தருகிறோம்." தளம் பட்டியலில் ஏறுகிற வாசனை இவர்களுக்கு எப்படித்தான் எட்டுமோ.

பிற தளங்களிலிருந்து நமக்கு வரும் இணைப்பை ஒரு வகை வாக்காக எண்ணலாம் என்ற யோசனையில்தான் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கினார்கள். வாக்கு என்று ஒன்று இருந்தால் வாக்கு விற்கிறவரும் வருவார். விலைக்கு வாங்கிய இணைப்புகளைப் போன்ற தில்லுமுல்லுகளைத் தள்ளுவதற்கென்றே 2012இல் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் பழைய பக்கத்தின் உள்ளே கீவேர்டு என்று ஒரு நீண்ட வரி இருந்ததை அழித்தேன். மார்பிள், கிரானைட், போட்டிப் பட்டறைகளின் பெயர்கள் வரைக்கும் உள்ளே திணித்திருந்தார்கள். தரவரிசைக்கு அந்த வரியைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லியாயிற்று.

உண்மையான இணைப்பு எங்களுக்குக் கிடைக்க வழி இருக்கிறது. எங்கள் கல் போட்ட ஒரு பழைய வீட்டை இப்போது தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள்; தளத்தில் தரையின் படம் போட்டிருக்கிறார்கள், பட்டறையின் பெயர் இல்லை. கேட்கலாம் என்றேன். பெரியப்பாவுக்குக் கூச்சம். "நாமளா போய்ப் பேரு போடுங்கன்னு கேக்கறதா?" என்று இழுத்தார். கடைசியில் அவரே போன் போட்டு, முக்கால் மணி நேரம் குடும்பக் கதை பேசி, வைக்கும் முன் ஒரு வார்த்தையாகக் கேட்டார். அன்று இரவே இணைப்பு ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

மேப் வேலை. உள்ளூர்க் கடைக்கு வெப்சைட்டைவிட இதுதான் முக்கியம் என்பது என் கட்சி. காரைக்குடிப் பக்கம் வந்து இறங்கியவர் 'பக்கத்தில் டைல்ஸ் பட்டறை' என்று தேடினால் முதலில் மேப்பும் அதன் கீழே சில கடைகளும்தான் வருகின்றன. தேடியதற்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை என்கிறார்கள். தூரத்தை மாற்ற முடியாது. மற்றதில் கை வைக்கலாம்.

எங்கள் புள்ளி மெயின் ரோட்டில் யாருடைய வயலிலோ நின்றது. வகை 'கடை' என்று மொட்டையாக இருந்தது. திருத்துவதற்கு நாங்கள்தான் உரிமையாளர் என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக. தெரு முனையில் ஆரம்பித்து, பெயர்ப்பலகையைக் காட்டி, கதவைத் திறந்து, அச்சுகள் மாட்டியிருக்கும் சுவரையும் சாயத் தொட்டிகளையும் காட்டிக்கொண்டே நடந்தேன். நடுவில் பெரியப்பா, "சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டது அதில் பதிவாகியிருக்கிறது. உரிமைக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

விசிட்டிங் கார்டில் வேறொரு சிக்கல். இந்த மேப் கணக்கோடு முன்பு கூகுள் ஒரு இலவச வெப்சைட்டும் கொடுத்தது. நிறைய சின்னக் கடைகள் அதை வைத்தே காலம் தள்ளின. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். எங்கள் கார்டில் இன்னமும் அந்தச் செத்த முகவரிதான். மிச்சக் கட்டைக் கொளுத்திவிடச் சொன்னேன். பின்பக்கம் கணக்குப் போடலாமே என்று பெரியப்பா எடுத்து வைத்துக்கொண்டார்.

வாங்கியவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம். எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லக்கூடாது, விதிக்கு விரோதம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆவணி. பட்டறையில் ஆள் நிறைந்துவிட்டது. போனும் நிற்காமல் அடிக்கிறது. "வெப்சைட்டு வேலை செய்யுதுபோல" என்று நான் சொல்ல, "ஆவணி வேலை செய்யுது" என்றார் பெரியப்பா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் போனில் பேசுகிற ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டுச் சிட்டையில் ஒரு குறி போடுகிறேன். கொத்தனார் வழி வருகிறவர்கள்தான் இன்னும் அதிகம். கூகுள் என்று சொல்கிறவர்களும் தினம் வருகிறார்கள், ஆடிக்கு முன் அது கிடையாது.

சர்ச் கன்சோலில் ஒரு வேடிக்கை. அதிகம் காட்டப்படும் பக்கம் 'எங்களைப் பற்றி' இல்லை. கறையும் ஆசிட்டும் பற்றிய பக்கம். வேறெங்கோ கல் வாங்கிப் போட்டவர்கள்கூட அதைத் தேடி வருகிறார்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பதும் தெரிந்தது. எல்லா எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் திணிக்கத் தேவையில்லை, கூகுளே ஒன்று சேர்த்துக்கொள்கிறது.

ஒரு கவலையும் இருக்கிறது. இப்போதெல்லாம் கேள்விக்குக் கூகுளின் ஏஐ, தேடல் பக்கத்தின் தலைமாட்டிலேயே பதிலை எழுதிவிடுகிறது. இந்தியாவில் அது 2024 ஆகஸ்டில் வந்தது. ஆசிட் போடாதே என்று அங்கேயே படித்துவிட்டவர் எங்கள் பக்கத்தைத் திறப்பாரா? திறக்காமலும் போகலாம். ஆனால் வீட்டுக்குத் தரை போடுகிறவர் யாரிடமாவது பேசாமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை, அதுவரைக்கும் பிழைப்பு ஓடும்.

இன்று பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டார்: "லாரியில வரும்போது உடையாதா? உடைஞ்சா யார் பொறுப்பு?" இதற்குத் தளத்தில் பக்கமே இல்லை. பெரியப்பாவிடம் கேட்டேன். கல்லைப் படுக்கப்போட்டு அடுக்கக்கூடாதாம்; விளிம்பில் நிறுத்தி, முகத்தோடு முகம் பார்க்க வைத்து, இடையில் வைக்கோல் செருக வேண்டுமாம். உடைசலுக்கென்று சில கல் கூடுதலாக ஏற்றிவிடுவதும் உண்டு. பொறுப்பு யாருக்கு என்பதற்கு மட்டும் "ஆளைப் பொறுத்து" என்றார். அதை அப்படியே எழுத முடியாது என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சேலத்துக்கு ஒரு லோடு ஏறுகிறது. படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்குள் அவர் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.