திண்ணையில் ஒரு செல்போன்

பௌர்ணமிக்குத் திருவக்கரை வருபவர்களுக்கு வக்கிரகாளியம்மனைத் தெரியும். கல்மரப் பூங்காவையும் தெரியும். பக்கத்துக் கல்குவாரிகளில் பாடுபடும் குடும்பங்களைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

2020ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, அப்படியொரு வீட்டுப் பிள்ளை, ஐந்தாம் வகுப்பு. “கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வருதே, பார்க்கலையா?” என்றேன். “எங்க வீட்ல டிவி இல்ல தாத்தா” என்றாள். என் பழைய செல்போனுக்கு ரீசார்ஜ் செய்து கொடுத்துவிட்டு, பெரிய தர்மம் செய்த நினைப்பில் வீடு திரும்பினேன்.

பத்து நாள் கழித்துப் போனால், போன் அவள் அப்பாவோடு குவாரிக்குப் போயிருந்தது. “ராத்திரியில பார்த்தேன் தாத்தா. புரியல. கேட்டா அது பதில் சொல்ல மாட்டேங்குது.”

எனக்கு வில்லியனூர் நினைவு வந்தது. 1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மையம் வைத்து, சுற்றுக் கிராமங்களுக்குக் கணினி வழியாகச் செய்தி அனுப்பியது. வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். எழுத்தறியாத மீனவருக்கும் அது பயன்பட்டது. கணினிக்கும் அவருக்கும் நடுவில், அவர் பாஷையில் சொல்ல ஓர் ஆள் இருந்ததுதான் காரணம்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் அவள் வீட்டுத் திண்ணையில் போனோடு நானும் உட்கார்ந்தேன்.

2021 அக்டோபர் 27ல் நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலையில் தன்னார்வலர்களே பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சொல்லிக்கொடுக்கும் திட்டம். செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

அவள் படிப்பை விடவில்லை. குவாரிக்குப் போன அவள் அண்ணன் மட்டும் பள்ளிக்குத் திரும்பவில்லை. அவன் பக்கத்தில் நான் உட்காரவில்லையே!