மேலே இடமில்லாத செடிகள்

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது என்று சொல்ல ஒரு பலகை வேண்டியிருக்கிறது. பலகை இல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தப் பக்கத்துத் தமிழில் மலையாளம் கலந்திருக்கிறது. அந்தப் பக்கத்து மலையாளத்தில் தமிழ். மரவள்ளிக் கிழங்குக்கு இரண்டு பக்கமும் மரச்சீனிதான். குழித்துறையை விட்ட ரயில் பாறசாலையில் நிற்கும்போது மாநிலம் மாறிவிட்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ரப்பர், வாழை, தென்னை எதுவும் மாறியிருக்காது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் விடாமல் கேட்டும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோடு போட்டவர்கள் ஊர்களைப் பிரித்தார்கள். ஆற்றைப் பிரிக்க முடியவில்லை. அகத்தியர் வைத்திருந்த நெய்க்குடம் கவிழ்ந்து ஆறாக ஓடியது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. அகத்தியமலையில் பிறந்து, சுமார் 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறில் கடலில் சேர்கிற சின்ன ஆறு நெய்யாறு. 1950களில் அதன் குறுக்கே அணை எழுந்தது. இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டின் 9,200 ஏக்கருக்கும் சேர்த்து வெட்டப்பட்டது. 2004-ல் அந்தத் தண்ணீர் நின்றது. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றப் படியேறியது.

வழக்கு முழுவதும் மதகைப் பற்றியது. மதகுக்கு மேலே இருக்கும் மலையைப் பற்றி வாதாட வக்கீல்கள் யாரும் இல்லை. ஆனால் கோடையில் ஆற்றில் ஓடுவது அந்த மலையின் புல்வெளியும் குட்டை மரக்காடும் மேகத்திலிருந்து பிடித்து, பஞ்சுபோல வைத்திருந்து, சொட்டுச் சொட்டாக விடுகிற நீர்தான். அந்தச் செடிகளுக்கு என்ன ஆகிறது என்பது இந்த எல்லைக் கிராமங்களின் கிணற்றுக் கேள்வி.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற பழம்பெரும் பலா மரம் இருக்கிறது. பகைவர்கள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது திருவிதாங்கூர் முழுக்கத் தெரிந்த கதை. ராஜா ஓடி வந்தார், மரம் நின்றது. மரத்தால் ஓட முடியாது. ஆனால் மரத்தின் இனம் நகரும்: விதை விழுந்த இடம் பிடித்தால் அங்கே ஒரு தலைமுறை, இன்னும் கொஞ்சம் தள்ளி அடுத்தது. பருவம் மாறும்போதெல்லாம் செடிகள் இப்படித்தான் பிழைத்து வந்திருக்கின்றன.

அந்த ஓட்டத்தை உலகம் இப்போது தெளிவாகப் பார்ப்பது வட துருவத்துக்குப் பக்கத்தில். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. அலாஸ்காவில் 1940களின் இறுதியில் விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களையும், அதே இடங்களில் ஐம்பது வருடம் கழித்து எடுத்தவற்றையும் பக்கத்தில் வைத்து 2001-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பாசியும் புல்லும் மட்டும் படர்ந்திருந்த தூந்திரப் பிரதேசத்தில் வில்லோ, ஆல்டர் போன்ற புதர்கள் அடர்ந்திருந்தன. ஊசியிலைக் காடும் சில இடங்களில் வடக்கே கால் வைக்கிறது. பனிக்கு மேலே தலை நீட்டும் கரும் புதர் வெயிலை உறிஞ்சுகிறது. நிலம் இன்னும் சூடாகிறது. தூந்திரச் செடிகளோ வடக்கே போய்க்கொண்டே இருக்க முடியாது. அங்கே கடல் இருக்கிறது.

நம் ஊரில் கடலுக்குப் பதில் வானம். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குளிரும். சமவெளியில் ஒரு டிகிரி குளிர்ச்சி தேடி நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போகவேண்டிய செடி, மலையில் 160 மீட்டர் ஏறினால் போதும். வசதியான ஏற்பாடு, உச்சி வரும்வரை. அகத்தியகூடத்தின் உயரம் 1,868 மீட்டர். 1,500 மீட்டரில் வாழும் ஒரு செடிக்கு மிச்சமிருப்பது இரண்டே கால் டிகிரிக்கான படிக்கட்டு. அதிலும் மேலே போகப்போக மலை குறுகுகிறது. கடைசியில் வெறும் பாறை. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது.

அந்த உயரத்துச் செடி கற்பனை இல்லை. 1865-ல் கர்னல் ஹீபர் ட்ரூரி இந்த மலையில் கண்டெடுத்த ஆர்க்கிட் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. செருப்பு வடிவில் மஞ்சள் பூ. இதழின் நடுவே கரும்பழுப்புக் கோடு. தென்னிந்தியாவில் அதன் பேரினத்தில் வேறொன்று கிடையாது. சேகரிப்பவர்கள் கூடைகூடையாக வாரிக்கொண்டு போனார்கள், காட்டுத் தீயும் சேர்ந்துகொண்டது. அழிந்தே போனதாக எண்ணப்பட்டு, 1970களில் மறுபடி கண்ணில் பட்டது. எல்லாப் பழியையும் வெப்பத்தின் தலையில் போடுவது இப்போதைய வழக்கம். இந்தப் பூவை விளிம்புக்குத் தள்ளியது மனிதக் கை. வெப்பம், விளிம்பில் நிற்பதைத் தள்ளிவிட வருகிற இரண்டாவது கை.

வடக்கே போய்விடக் கூடாதா? முடியாது. அகத்தியமலைக்கு வடக்கே மலைத்தொடர் அறுபட்டுச் செங்கோட்டைக் கணவாயாகத் தாழ்கிறது. 1904-ல் கொல்லம் ரயில் அதன் வழியாகத்தான் நுழைந்தது. ரயிலுக்கு வழிவிட்ட பள்ளம் குளிர்ந்த மலைச்செடிக்குச் சுவர். தெற்கே மகேந்திரகிரி, அப்புறம் குமரிமுனை. கணவாய்க்குத் தெற்கே மட்டும் காணப்படுகிற செடி வகைகள் இத்தனை இருப்பதற்குக் காரணமே இந்தச் சிறைதான்.

இது முதல் தடவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். நீலகிரியின் மக்குமண் படிவங்களைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் 1993-ல் வெளியிட்ட கணக்குப்படி, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் அங்கே வறண்ட புல்வெளி பரந்திருந்தது. பிறகு ஈரம் கூடியதும் சோலை முன்னேறியது. புல்லும் காடும் மாறிமாறி ஏறி இறங்கியிருக்கின்றன. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் கிடைத்தன. இப்போது கிடைப்பவை பத்துகள்.

கீழே, பாறசாலை, வெள்ளறடைப் பக்கத்துத் தோட்டங்களில் கணக்கு உடனுக்குடன் தெரிகிறது. பட்டை நனைந்தால் அன்று பால்வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளில் கூலியும் இல்லை. அகால மழை என்பது இங்கே வானிலைச் செய்தி அல்ல, அடுப்பின் செய்தி. 2001 நவம்பரில் ஒரே இரவில் அம்பூரியில் மலைச்சரிவு முப்பதுக்கும் மேற்பட்டவர்களை மண்ணுக்குள் கொண்டுபோனது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது எல்லையின் இரு பக்கமும் மரங்கள் விழுந்தன. கடலுக்குப் போன குமரி, திருவனந்தபுரம் மீனவர்கள் பலர் திரும்பவில்லை. ஒரு புயலை, ஒரு சரிவைக் காட்டி இதுதான் சான்று என்று சொல்வது சரியல்ல. அரபிக்கடல் சூடேறிவருவது மட்டும் அளந்து பார்த்த உண்மை.

ரப்பருக்கு ஒரு வாரியம் இருக்கிறது. திரிபுரா வரை கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். மலையுச்சிப் பூவுக்கு அப்படி யாரும் இல்லை. விலை தெரிந்தபோதுதான் இங்கே ஒரு செடிக்கு மதிப்பு வந்தது. 1987-ல் காணிக்காரர்கள் வழிகாட்டிகளாக வந்தபோது களைப்பில்லாமல் நடக்க ஒரு காயைத் தின்றார்கள், அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் பூங்கா அதிலிருந்து மருந்து செய்து, வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு தந்தது உலகம் பேசிய செய்தி.

2001-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிய அகத்தியமலையின் 3,500 சதுர கிலோமீட்டரை இரண்டு மாநிலங்களும் ஏறக்குறையப் பாதிப்பாதி வைத்திருக்கின்றன. வருடத் தொடக்கத்தில் கேரள வனத்துறை அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. போணக்காட்டில் ஏறத் தொடங்கி, ஆற்றுப்படுகைகளையும் ஈத்தைக் காட்டையும் புல்மேடுகளையும் கடந்து அதிருமலையில் தங்கி, மறுநாள் கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறினால் உச்சியில் அகத்தியர் சிலை. அங்கே காற்றில் மரங்கள் இடுப்பளவுக்குமேல் வளரத் தயங்குகின்றன.

அந்த உச்சியில் 1855-ல் ஒரு வானிலைக் கூடம் இருந்தது என்றால் ஏறுகிறவர்களில் பலர் நம்பமாட்டார்கள். திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், திருவிதாங்கூர் அரசின் செலவில், யானைக்காட்டில் வழி வெட்டி அதைக் கட்டினார். கீழே நகரத்திலும் மேலே உச்சியிலும் காந்தமானியையும் வெப்பமானியையும் வைத்து அளந்து ஒப்பிடுவது அவர் திட்டம். 1865-ல் அவர் ஊர் திரும்பினார். ட்ரூரி அந்த மஞ்சள் பூவைக் கண்டதும் அதே வருடம்தான்.