அளவு யார் கையில்?

எங்கள் பக்கத்தில் ஆயில் இன்ஜின் மெக்கானிக்கின் வித்தை அவர் விரலில்தான் இருக்கும். பிஸ்டனை லைனருக்குள் விட்டு ஆட்டிப் பார்ப்பார். "ம், சரியா இருக்கு" என்பார். எவ்வளவு இருந்தால் சரி என்று கேட்டால் பதில் வராது. கேட்பவன் காலனிக்காரன் என்றால், "ஒனக்கு எதுக்குடா அது?" என்கிற பார்வை மட்டும் வரும். தொழில் ரகசியம் என்று இதற்குப் பெயர். அறிவை ஒரு தெருவிலேயே பூட்டி வைக்கிற பழைய ஏற்பாடுதான் இது.

எங்கள் கிணற்றில் இருப்பது 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். போன கோடையில் அது நீலப்புகை கக்கி, ஆயிலைக் குடித்து, இழுவை இல்லாமல் நின்றுபோனது. ஊர்த்தெரு மெக்கானிக் காலனிக்குள் வர மாட்டார். நாம் தூக்கிக்கொண்டு போனால் நம் முறை கடைசியில்தான் வரும். பூ விட்ட மல்லாட்டை அதுவரை தாங்குமா? "நாமளே பிரிக்கலாம்டா" என்றார் ஐ.டி.ஐ. படித்த அண்ணன். வாசலில் சாக்கு விரித்தோம். அண்ணன் அளக்க, நான் நோட்டில் எழுதினேன். "எம்.ஏ. படிச்சது இதுக்குத்தானா" என்று அம்மா சிரித்தது.

புது லைனர், பிஸ்டன், ரிங் செட் வாங்கியாச்சு. புதுசுதானே என்று அப்படியே மாட்டக்கூடாது. ரிங்கை மட்டும் லைனருக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்து அதன் தலையால் தள்ளினால் ரிங் கோணாமல் உட்காரும். அதன் இரண்டு முனைக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். லைனர் விட்டத்தில் ஆயிரத்துக்கு நாலு பங்கு என்பது பொதுக்கணக்கு. எங்களுடையது 80 மி.மீ.; ஆக 0.32 மி.மீ. கம்பெனிப் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதுதான் முடிவு. இடைவெளி குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு லைனரைக் கீறிவிடும். கூடினால் அழுத்தம் கசியும்.

அடுத்து கனெக்டிங் ராடு பேரிங். தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது கணக்கு, 50 மி.மீ. தண்டுக்கு 0.05. ஆயில் படலம் நிற்பது அந்த இடத்தில்தான். கடைசியாக, பிஸ்டன் உச்சிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இடம். பிஸ்டன் தலையில் வால்வு படாத இடமாகப் பார்த்து இரண்டு துண்டு ஈயக்கம்பி வைத்து, கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, ஃப்ளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினோம். நசுங்கிய கம்பியின் கனம்தான் அந்த இடைவெளி. ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் கிடைக்கும் கம்பி போதும்.

இதில் ஒவ்வொரு இடைவெளிக்கும் காரணம் இருக்கிறது. சூட்டில் இரும்பு விரியும். அலுமினியம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விரிவதற்கு இடம் வேண்டும், எண்ணெய்க்கு இடம் வேண்டும். ஏன் என்று கேட்டால் இன்ஜின் பதில் சொல்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் விட்டிருக்கிற இடைவெளியை ஏன் என்று கேட்டால் அடிதான் பதிலாக வருகிறது.

1927-இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கியது தண்ணீரைத் தொடும் உரிமைக்காக. அந்தத் தண்ணீரை இறைக்கிற இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுகிற அறிவும் அந்த உரிமையில் சேர்ந்ததுதான். இன்ஜினைத் துடைக்க, தூக்க, கரி சுரண்ட நம் பையன்கள் வேண்டும். அளவு மட்டும் அவர்கள் கைக்கு வரக்கூடாது என்றால் அது எந்த ஊர் நியாயம்?

மூன்றாம் நாள் மாலை இன்ஜின் பிடித்தது. மல்லாட்டை பிழைத்தது. அதைவிடப் பெரிய லாபம் அந்த நோட்டு. இங்கிலீஷ் புத்தகத்தில் கிடந்த அளவுகளைத் தமிழில், படத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை நாலு வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, கிரீஸ் கறையோடு. நம் இரவுப் பள்ளிகளில் புத்தக அலமாரி இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு ஃபீலர் கேஜும், ஒரு மைக்ரோமீட்டரும், இப்படி ஒரு நோட்டும் பொதுச்சொத்தாக இருக்கட்டும்.