மூடியைத் திறந்த பிறகு

சென்னை அண்ணாசாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் செல்போன் உறை, சார்ஜர், சிசிடிவி கேமரா என்று கூவி அழைப்பவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். அளவுக் கருவிகளைப் பழுது பார்ப்பவர்கள் தரைத்தளத்தில் இருப்பதில்லை. அந்த வாடகை அவர்களுக்குக் கட்டாது. நான் போனது நரசிங்கபுரம் தெருப் பக்கம், ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய மாடிப்படியின் உச்சியில் உள்ள ஓர் அறைக்கு. சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு சி.ஆர்.ஓ.க்கள் (ஆசிலோஸ்கோப்புகள்), பவர் சப்ளைகள், ஃபங்ஷன் ஜெனரேட்டர்கள். பாதிக்கு மேல் பொறியியல் கல்லூரிகளிலிருந்தும் பாலிடெக்னிக்குகளிலிருந்தும் வந்தவை. துறையின் பெயரும் ஸ்டாக் எண்ணும் வெள்ளைப் பெயின்டில் அப்படியே இருக்கின்றன.

அறைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். கூட ஒரு பையன், ஐ.டி.ஐ. முடித்தவன், அவரை 'அண்ணே' என்கிறான். மேசையில் இந்தூரில் தயாரான ஹெச்.எம். 203, 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப். ஒரு தலைமுறை மாணவர்கள் சைன் அலையை முதலில் பார்த்தது இந்த மாதிரிப் பெட்டிகளில்தான். புகார், திரையில் ட்ரேஸ் (கோடு) வரவில்லை.

மூடியைக் கழற்றும் முன் பிளக்கை உருவித் தன் கண்ணெதிரே மேசைமேல் வைத்தார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்டேன்.

"சுவிட்ச நம்பலாம் சார். தெரியாம வந்து போடுறவன் கையத்தான் நம்ப முடியாது."

உள்ளே படக்குழாய்க்கு ஏறத்தாழ 2000 வோல்ட் போகிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். சிலர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'சட்'டென்று ஷார்ட் பண்ணிவிடுவார்கள். அந்தப் பொறியில் டிரைவர் முனை உருகும், பக்கத்திலுள்ள டிரான்சிஸ்டர் போகும், திடுக்கிட்டு இழுத்த கை வேறெங்காவது இடிக்கும். இவர் நீளமான இன்சுலேட்டட் கைப்பிடி ஒன்றை எடுத்தார். அதற்குள் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர்கள். அதன் கிளிப்பை முதலில் சேசிஸில் (உலோகச் சட்டத்தில்) மாட்டிவிட்டு, முனையை உயர் அழுத்தப் புள்ளியில் வைத்து நிதானமாக நின்றார். வலக்கை மட்டும்தான் வேலை செய்தது. இடக்கை பேன்ட் பின்பாக்கெட்டில். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் ஒரு கை வழியாக ஏறி நெஞ்சைக் கடந்து மறு கைக்குப் போகும்.

கொஞ்ச நேரம் விட்டு ஹை வோல்டேஜ் புரோபால் அளந்தார். சாதாரண மல்டிமீட்டர் 1000 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, இதற்கு ஆகாது. காலியான கண்டன்சரில் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் அழுத்தம் திரும்ப ஏறும் என்பதால் மறுபடி ஒருமுறை இறக்கினார். புது மாடல்களில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) பகுதிக்கு வேறொன்று வைத்திருக்கிறார்: 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர், இரு பக்கமும் உறையிட்ட வயர். 230 வோல்ட் ஏ.சி.யைத் திருத்தினால் கண்டன்சரில் 325 வோல்ட் டி.சி. நிற்கும். அதை அந்த ரெசிஸ்டர் சில வினாடிகளில் இறக்கிவிடும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரல் உள்ளே போகாது.

பழுது, உயர் அழுத்தப் பாதையில் கருகிய ஒரு ரெசிஸ்டர். முன்பு யாரோ மாற்றிப் போட்டது. ஓம் கணக்கு சரிதான். ஆனால் கால் வாட் கார்பன் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட் வரைதான் தாங்கும். அதைக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஒற்றையாக நிறுத்தியிருக்கிறார்கள். அவர் பலவற்றைத் தொடராகச் சேர்த்து, கூர்முனை எதுவும் வெளியே நீட்டாமல் உருண்டையாக ஈயம் வைத்தார்.

எனக்கு அதைவிட உறைத்தது பிளக். மூன்று பின்னில் எர்த் பின்னைக் காணோம். ஸ்கோப்பின் உள்ளீட்டு முனைகளின் வெளி வளையம், புரோபின் தரை கிளிப் எல்லாமே சேசிஸ் வழியாக எர்த்தோடு சேர்ந்தவை. சோதிக்கும் பொருளில் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மெயின்ஸ் பக்கம் அந்தக் கிளிப்பை மாட்டினால் 'டப்'பென்று வெடிக்கும். அதற்குப் பயந்து பின்னையே வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் வெடிப்பதில்லை, கிளிப் தொட்ட மின்னழுத்தம் முழுவதும் ஸ்கோப்பின் உடம்புக்கு வந்து, குமிழைத் திருப்பும் மாணவனுக்காகக் காத்திருக்கிறது. பழுது பார்க்கும் பொருளை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்ட வேண்டும், இல்லையேல் டிஃபரன்ஷியல் புரோப் வாங்க வேண்டும். செலவில்லாத வழி எதுவும் இதில் கிடையாது.

மல்டிமீட்டர் கதை இன்னும் மோசம். பையன் ஒரு நல்ல கம்பெனி மீட்டரைத் திறந்து காட்டினான். 11 ஆம்பியர், 1000 வோல்ட் பீங்கான் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பி. ஆம்பியர் துளையில் லீடு இருப்பதை மறந்து பேனல் போர்டில் வைத்தால், அது நேரடி ஷார்ட். பீங்கான் குழலுக்குள் இருக்கும் மணல் உருகித் தீப்பிழம்பை அணைக்கும். கண்ணாடி ஃபியூஸால் அது முடியாது. செம்புக் கம்பி கேட்கவே வேண்டாம், மீட்டர் கையிலேயே வெடிக்கும். அசல் ஃபியூஸ் விலைக்கு ஒரு மலிவு மீட்டரே வாங்கிவிடலாம் என்பது உண்மைதான். அந்த மலிவு மீட்டரில் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இல்லை என்று அச்சடித்திருக்கும். யார் படிக்கிறார்கள்?

ஸ்கோப்பில் பச்சைக் கோடு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் புது பிளக் போட்டார், எர்த் பின்னுக்கும் சேசிஸுக்கும் இடையே மின்தடை பார்த்தார், மெக்கரில் 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் சோதித்தார். பழுதுக்குப் பிடித்த நேரத்தில் பாதி இதற்கே போனது. பில்லில் இதற்கு ஒரு வரியும் இல்லை. எழுதினால் கல்லூரிக்காரர்கள் அந்த வரியை அடித்துவிடுகிறார்களாம். குறைந்த கொட்டேஷனுக்கே ஆர்டர் என்ற வழக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதவர்தான் ஜெயிக்கிறார். வெட்டிய எர்த் பின்னும் செம்புக் கம்பியும் வருவது அந்த வழியாகத்தான் என்பது என் கணிப்பு.

ஆய்வகம் நடத்துபவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை கொட்டேஷன் கேட்கும்போது எர்த் சோதனை, இன்சுலேஷன் சோதனை, அசல் ஃபியூஸ் மூன்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள், அதற்குரிய பணத்தைக் கொடுங்கள். அதுவரை, எர்த் பின் இல்லாத பிளக் எதையும் மாணவர் மேசையில் வைக்காதீர்கள்.