சேப்பாக்கத்தின் பின்வழிகள்

சென்னைப் பல்கலைக்கழகம் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது செனட் இல்லம்தான். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து, 1874 முதல் 1879 வரை எழுப்பப்பட்ட மாளிகை அது. 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியதும் அங்கேதான். வருகிறவர்கள் அதன் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கோ, அவ்வளாகம் நெருக்கமானது அதன் பின்வழிகளால்.

எம்.ஏ. படித்த நாட்களில், மெரினா வளாகத்தில் வகுப்பு முடிந்ததும் காமராசர் சாலை வழியே சேப்பாக்கம் நூலகத்திற்கு நடந்துவிடுவேன். பேருந்துக் காசு மிச்சமாகும். விடுதியில் என் நாஞ்சில் நாட்டுப் பேச்சைக் கேட்டு எழும் சிரிப்பிலிருந்தும் சற்று நேரம் விடுதலை கிடைக்கும். செனட் இல்லத்தின் பின்புறம் ஆளரவமற்றிருக்கும். கூவத்தின் வாடையும் கடற்காற்றும் அங்கே ஒன்றாகக் கலந்து வரும். யாரோடும் பேச வேண்டாத இடங்களைத் தேடித் தேடியே அவ்வளாகத்தின் சந்துகளும் படிக்கட்டுகளும் எனக்குப் பழகின.

அந்நடைகள் முடிவது பெரும்பாலும் நூலகத்தில். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ்.ஆர். அரங்கநாதன், 1924இல் இப்பல்கலைக்கழகத்தின் நூலகராக வந்தார். தொடக்கத்தில் தனிமை பொறுக்காமல் பழைய பணிக்கே திரும்ப விரும்பியவர் அவர். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக்கியவரும் அவரே. தனிமைக்கு அஞ்சிய ஒருவர் பிறருக்காக நூலடுக்குகளை ஒழுங்கு செய்தார் என்பது அன்று எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

ஒரு மாலையில் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பின்னர் அனுபந்தமும் வந்தது. 1926 முதல் வையாபுரிப்பிள்ளை அதன் பதிப்பாசிரியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அவற்றினூடே, 'சூடு' என்ற சொல்லுக்கு அறுத்த நெற்கதிர் என்ற பொருளைக் கண்டேன். என் பாட்டி 'சூடடிப்பு' என்பாள். விடுதியில் அச்சொல்லை நான் சொன்னபோது சிரித்தார்கள். பழந்தமிழ் இலக்கியத்தில் வழங்கிய சொல்லையே அவள் களத்துமேட்டில் புழங்கியிருக்கிறாள்! அதன்பின் என் பேச்சை நான் திருத்திக்கொள்ள முயலவில்லை.

இன்று பேரகராதி இணையத்தில் கிடைக்கிறது. சொல்லைத் தட்டினால் பொருள் வந்து நிற்கிறது, நன்மைதான். ஆனால் தேடிய சொல்லுக்குப் போகும் வழியில், தேடாத நான்கு சொற்கள் எதிர்ப்படும் வாய்ப்பு அதில் குறைவு. கால்நடையாக ஒரு வளாகத்தைச் சுற்றுவதும் தாள் புரட்டுவதும் ஏறத்தாழ ஒரே செயல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆண்டுதோறும் என் மாணவர்களைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் செல்கிறேன். முகப்பில் படமெடுத்து முடித்ததும், ஒரு மணி நேரம் தனித்தனியே நடந்துவிட்டு வாருங்கள் என்பேன். கிராமத்திலிருந்து வந்த, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளே எப்போதும் கடைசியில் திரும்பி வருகிறார்கள். எங்கே போனாய் என்று நான் கேட்பதில்லை.