கூடங்குளத்தில் ஒரு பிரெஞ்சுப் பாடம்

பி.காம். படித்தபோது மொழிப் பாடமாக பிரெஞ்சு எடுத்தேன். மொழிப் பற்று இல்லை சார், மார்க் பற்று! அதில் இன்றைக்கும் மறக்காதது 'இம்பார்ஃபே' என்ற இறந்தகாலம். ஒரே தடவை நடந்து முடிந்ததற்கு அது வராது. அந்தக் காலத்தில் வழக்கமாக நடந்தது, நடந்துகொண்டிருந்தது, இதற்கெல்லாம் வரும்.

செய்முறை சுலபம். 'நூ பார்லோன்' என்றால் நாங்கள் பேசுகிறோம். 'ஓன்' என்ற வாலை நறுக்கிவிட்டு 'ஏ' ஒட்டினால் 'ஜ பார்லே'. அதாவது, அப்பல்லாம் நான் பேசுவேன். நான், நீ, அவன், அவர்கள் என நாலு பேருக்கு மூணு விதமாக எழுதுவார்கள்; காதில் விழுவது ஒரே 'ஏ'தான்!

போன மாதம் ஒரு ஆடிட் வேலையாகக் கூடங்குளம் போனேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் டீக்கடை அண்ணாச்சியிடம் பிரெஞ்சுப் பெருமையை எடுத்துவிட்டேன்.

"இங்க ரஷ்யாக்காரவுகல்லா வந்தாவ? பிரெஞ்சை வச்சு என்ன செய்ய?" என்றார்.

நியாயம்தான். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டார்கள். 1991-ல் சோவியத் யூனியனே காணாமல் போயிற்று. 2002-ல் கட்ட ஆரம்பித்து, முதல் உலையின் மின்சாரம் கம்பிக்கு வந்தது 2013-ல். இடையில் இடிந்தகரையில் பெரிய போராட்டம். 25 வருஷ இம்பார்ஃபே!

கருப்பட்டிக் காப்பியை ஆற்றியபடி அண்ணாச்சி உலை இருந்த திசையைக் காட்டினார்.

"எங்க விளை அங்கதான் இருந்துச்சு தம்பி. அப்பா விடியுமுன்ன பனை ஏறுவாக. அம்மா பதனி காய்ச்சுவாக. நாங்க அடுப்பைச் சுத்தி உக்காந்து கூப்பனி நக்குவோம்."

ஏறுவாக, காய்ச்சுவாக, நக்குவோம். பிரெஞ்சுக்காரன் தனி விகுதி வைத்துச் சொல்வதை அண்ணாச்சி எதிர்கால விகுதியிலேயே சொல்லிவிட்டார்!

"அப்புறம்?"

"கொடுத்தோம்."

ஒரே சொல். ஒரே தடவை நடந்து முடிந்தது. இதற்கு இம்பார்ஃபே வராது. என் லெட்ஜரில் என்றால் கீழே இரண்டு கோடு போட்டிருப்பேன்.

"அப்பாவுக்கு வருத்தமா அண்ணாச்சி?"

"சாவுற வரைக்கும் விடியுமுன்ன எந்திரிப்பாக. ஏற மரம் இல்ல. வாசல்ல உக்காந்திருப்பாக."

பஸ் வந்துவிட்டது. காப்பிக்குக் காசு நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்.