நான் சொன்ன ‘ஓம்’

கலைவிழா மேடையில் எங்கள் பழைய மாணவன் ஒருவனின் கிற்றார் அம்ப் எரிந்தது. சவுண்ட்ஸ்காரரில் பிழையில்லை, அவனிலும் பிழையில்லை. பிழை என்னுடையது.

கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய அம்ப் அது. ட்ரான்சிஸ்டர் அம்ப். பின்பக்கத்தில் ‘குறைந்தது 4 ஓம்’ என்று போட்டிருக்கு. அவனிடம் 8 ஓம் பெட்டி ஒன்றுதான். சத்தம் காணாது என்று இன்னும் இரண்டு 8 ஓம் பெட்டி இரவல் எடுத்தோம்.

“சேர், மூண்டையும் ஒண்டாக் குடுக்கலாமோ?”

“ஓம், குடு.”

தரம் 11க்குத் தொடர், சமாந்தரம் படிப்பிக்கிற வாய்தான் அப்படிச் சொன்னது. அம்பிலிருந்து முதல் பெட்டிக்கு ஒரு வயர், அதிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு. பார்க்கத் தொடர் மாதிரியே இருந்தது. ஓம் கூடத்தானே செய்யும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் இப்படியான பெட்டிகளின் பின்னால் இருக்கிற இரண்டு துளையும் வழமையாக உள்ளே சமாந்தரமாகத்தான் பிணைத்திருக்கும். வயர் போகிற வழியைப் பார்த்து ஏமாந்தேன்.

இரண்டு பெட்டி என்றால் 4 ஓம், அதுவரை சரி. மூன்று என்றால் 8ஐ 3ஆல் பிரிக்க 2.67. அம்ப் 20 வோல்ற் தள்ளினால் ஒரு பெட்டிக்கு 2.5 அம்பியர், மூன்றுக்கும் 7.5 அம்பியர். பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது, சூடு முழுக்க அம்புக்குத்தான். முதலில் சத்தம் நல்லாக் கூடியது, எல்லாருக்கும் சந்தோசம். மூன்றாவது பாட்டில் கருகல் மணம். பிறகு சத்தமே இல்லை.

பெட்டியில் ஓம் எழுதியது அழிந்திருந்தால், வயரைக் கழற்றிவிட்டு மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். 8 ஓம் பெட்டி ஏறக்குறைய 6 காட்டும், 4 ஓம் பெட்டி மூன்று, மூன்றரை காட்டும். மீற்றர் பிழையில்லை. அது அளக்கிறது கம்பிச்சுருளின் தடையை மட்டும். பாட்டு ஓடும்போது இருக்கிற மறுப்பு அதைவிடக் கூட.

வால்வு அம்ப் வைத்திருப்பவர்கள் 4, 8, 16 என்ற ஆளியைப் பெட்டிகளின் மொத்தக் கணக்குக்குச் சரியாகத் திருப்ப வேண்டும். பெட்டி கொழுவாமல் அதைப் போட்டுப் பாடவே கூடாது, உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்போமர் போய்விடும். கோவிலிலும் பள்ளிவாசலிலும் குழாய் ஸ்பீக்கர் பலதை ஒரே லைனில் கொழுவுகிறார்களே என்பீர்கள். 100 வோல்ற் லைன் என்றால் அந்தக் கணக்கே வேறு. அதில் கிற்றார் பெட்டியைக் கொண்டுபோய்க் குடுக்காதீர்கள்.

அம்ப் இப்ப கிளிநொச்சியில் திருத்தக் குடுத்திருக்கு. காசு நான் தாறன் என்றேன், “விடுங்கோ சேர்” என்கிறான். விடமாட்டேன். திருத்தி வந்ததும் பெட்டிகளோடு தரம் 11 வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வாறானாம்.